எச்சில் காயாத கடிதங்கள்

தெருவில் கடைசி ஸ்கூட்டரும் ஓய்ந்து, குழந்தை பால் குடித்தபடியே கண்ணயர்ந்த நேரத்தில்தான் அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டேன். அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாக்கை யாரோ மெல்லப் பிய்த்தெடுப்பது போல, ப்ளக் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, வாசல்படியிலிருந்து. பல்லி என்று நினைத்தேன், பிறகு தவளை என்று நினைத்தேன், பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழுப்பேறிய தபால் உறை ஒன்று படியேறிக்கொண்டிருந்தது. பசை தடவிய மடிப்பைத் திறந்து படியில் அழுத்தி ஒட்டிக்கொள்ளும், மிச்ச உடம்பை இழுத்துக்கொள்ளும், பின்பு ப்ளக் என்று பிய்த்துக்கொண்டு அடுத்த படி. அது வந்த வழியெல்லாம் நத்தை போன தடம் மாதிரி ஒரு ஈரம் மின்னியது.

நான் அலறவில்லை, பிள்ளை விழித்துக்கொள்ளும் என்பதுதான் அப்போதைக்குப் பெரிய பயம். உறையின் மேலிருந்த கையெழுத்து எனக்குத் தெரியும். அது தனிஸ்லாஸ் கொரேரா சாரின் கையெழுத்து. நாற்பது வருடத்துக்கு முந்தைய தபால் முத்திரையோடு அது அவர் வீட்டு முன்கதவின் அடியில் நுழைந்து போனது.

தூத்துக்குடியில் எங்கள் தெருவிலேயே பெரிய வீடு அது. முன்பாதியில் எழுத்தாளர் கொரேரா சாரும் அவர் மனைவி செலஸ்தி அம்மாவும், பின்பாதியில் வாடகைக்கு நாங்கள். நாங்கள் என்றால் நானும் எட்டு மாதத்து ஷெரினும். என் வீட்டுக்காரர் ரெக்ஸன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்க்கிறவர், மாதத்தில் பாதி நாள் கடலில்தான். குளியலறை எங்கள் அடுப்படிக்குப் பின்னால், இரண்டு வீட்டுக்கும் பொது. நடுவில் ஒரு கதவு, தாழ்ப்பாள் எங்கள் பக்கம். குடிவந்த அன்றே செலஸ்தி அம்மா சொல்லிவிட்டார்கள்: "அவியளுக்கு ராத்திரி ரெண்டு மூணு வாட்டி போகணும், கண்ணும் மங்கிட்டு வருது. அந்தத் தாழ்ப்பாள மட்டும் போட்டுராத, பிள்ளே." ரெக்ஸன் சிரித்துக்கொண்டே, "போட மாட்டா, அம்மா. எழுத்தாளர் வீட்டுல இருக்கோம்னு இவளுக்குத்தான் பெருமை" என்றார். எனக்கு அந்த முகவரி எப்போதோ மனப்பாடம் என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் சாருக்கு வலது கண் முழுக்க இருட்டானது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர், இடது கண்ணும் அதிக நாள் தாங்காது என்றார். அதே வாரத்தில்தான் கடிதங்கள் வரத் தொடங்கின. ஐம்பது வருடமாக அவர் எழுதிப் போட்ட கடிதங்கள் எல்லாம், யார் யார் பெட்டியிலோ, புத்தக இடுக்கிலோ, சேலை மடிப்பிலோ கிடந்தவை எல்லாம், கிளம்பி நடந்து எழுதியவரிடமே திரும்பி வந்தன. ஏன் வருகின்றன என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. வருவதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

முதல் வாரம் விளக்குமாற்றால் அடித்தார்கள். அடிபட்ட கடிதம் விளக்குமாற்றிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வாரம் வாசலில் உப்பு தூவினார்கள். உப்பளத்தைத் தாண்டி வருகிற கடிதத்துக்கு உப்பு ஒரு பொருட்டா? டீக்கடை சேவியர் ஒன்றைப் பிடித்துக் கிழித்து வடை மடித்துக் கொடுக்க, அது வடையோடு மேசையை விட்டு இறங்கிச் சாரின் வீட்டைப் பார்த்துப் போனது. வடை வாங்கியவரும் பின்னாலேயே ஓடினார். மூன்றாம் வாரத்திலிருந்து பால்காரர் மிதிக்காமல் சைக்கிளை வளைத்து ஓட்டப் பழகிக்கொண்டார், நாய்கள் குரைப்பதை விட்டன, பெண்கள் காலையில் கோலம் போடும் முன் எச்சில் தடத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றினார்கள், அவ்வளவுதான். தபால்காரர் வேல்ச்சாமி மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆபீஸ் வழியா வராத தபால் தபாலே இல்ல" என்று சொல்லி, விடியற்காலையில் முத்திரைக் கட்டையும் மைத்திண்டுமாக வந்து சாரின் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, ஊர்ந்து வரும் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பிடித்து 'அனுப்புநருக்குத் திருப்பப்படுகிறது' என்று குத்திய பிறகுதான் உள்ளே விட்டார்.

அந்த வாசம்தான் எனக்குத் தாங்கவில்லை. பாச்சா உருண்டை வாசம், எலி மூத்திர வாசம், யாரோ ஒரு பெண்ணின் தலையெண்ணெய் வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் நாற்பது வருடமாகியும் காயாத எச்சில் வாசம்.

அந்த எச்சிலை நான் அறிவேன். குடிவந்த மறுநாளே செலஸ்தி அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ கான்வென்ட்ல படிச்சவ, ரெண்டு பாஷையும் தெரியும். சாயங்காலம் ஒரு மணிக்கூறு அவியளுக்குக் கடிதாசி வாசிச்சு எழுதிக் குடு" என்றார்கள். சரி என்றேன். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே. சார் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், நான் எழுதுவேன். விருதுக் குழுவுக்கு ஒரு கவிஞரைப் புகழ்ந்து ஒரு கடிதம். அதே கவிஞர் குப்பை என்று அதே குழுவின் இன்னொருவருக்கு இன்னொரு கடிதம். இறந்துபோன நண்பரின் மனைவிக்கு ஆறுதல், கூடவே அந்த நண்பர் வைத்திருந்த அபூர்வப் புத்தகங்களை உடனே அனுப்பிவைக்கச் சொல்லி ஒரு வரி. எழுதுவதும் மடிப்பதும் என் வேலை, ஒட்டுவதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உறையை முகத்துக்கு அருகே கொண்டுபோய், தடித்த, வெள்ளை படிந்த நாக்கை நீட்டி, பசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அவசரமில்லாமல் நக்குவார். வீட்டுக்கு வந்து நான் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன்.

என் பெயரைக் கேட்டபோது, "அமலி" என்றேன். "நல்ல பேரு" என்றார். அவருக்கு நினைவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும், பாளையங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கன்னியர் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தேன். கல்லூரி மலரில் வந்த என் கதையைப் படித்துவிட்டு சார் எனக்குக் கடிதம் எழுதினார். விடுதியில் எங்களுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் மதர் ஹிலேரியா பிரித்து வாசித்து, ஓரத்தில் சிவப்பு மையில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்ட பிறகுதான் எங்கள் கைக்கு வரும். மாமன் மகன் எழுதினால் கிழிப்பார்கள், அண்ணன் எழுதினால்கூட இரண்டு தடவை வாசிப்பார்கள். இதையும் வாசித்தார்கள். "உன் எழுத்தில் ஒரு பசி இருக்கிறது, மகளே, அந்தப் பசிக்கு நான் பெயர் வைப்பேன், நேரில் வா." காலை ஜெபம் முடிந்து அத்தனை பிள்ளைகள் முன்னாலும் அதை உரக்கப் படித்து, "எத்தனை பெரிய மனுஷன், நம்ம அமலியை மகள்ங்கிறார்" என்று கண் கலங்கி, அரை நாள் வெளியே போக அனுமதிச் சீட்டும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் தங்கியிருந்த விருந்தினர் விடுதி அறையில் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, அதை அவர் போட்டார். என் விரலில் மை ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். என் கையைப் பிடித்து, அந்த விரலை வாயில் வைத்து மையை நக்கித் துடைத்தார். நான் கையை உதறிக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் திறந்து, வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான் என்று எத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! "என்ன புத்தி சொன்னார்?" என்று மதர் கேட்டார்கள். "நிறைய வாசிக்கச் சொன்னார், மதர்" என்றேன். அன்று ராத்திரி கோயிலில் முழங்காலில் இருந்துகொண்டு அந்தக் கடிதத்தைக் கிழித்து, நற்கருணை அப்பத்தைப் போல நாக்கில் வைத்து, மெல்லாமல், ஒவ்வொரு துண்டாக விழுங்கினேன். அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை.

ஆகவே கடிதங்கள் ஊர்ந்து வந்தபோது என் கடிதம் மட்டும் வராது என்றுதான் இருந்தேன். வந்த கடிதங்கள் என்ன ஆகின்றன என்பதைத் தெருவே பேசிக்கொண்டிருந்தது, இலக்கிய வட்டத்துச் செயலாளர் ஞானதுரை ஒரு கூட்டம் போட்டிருந்தார். சாரிடம் திரும்பி வந்த கடிதங்களை வாங்கிப் போய், நூலக மாடியில் மேசை மேல் குவித்து, கனமான அகராதிகளால் அமுக்கி வைத்து, ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தார். "உன் எழுத்தில் ஒரு பசி இருக்கிறது, மகளே" என்று முதல் கடிதம். மதுரை ஆசிரியைக்கு ஒன்று, நாசரேத்தில் ஒரு நர்ஸுக்கு ஒன்று, கொழும்பு முகவரிக்கு ஒன்று, நாற்பத்திரண்டு கடிதத்திலும் அதே வாக்கியம். ஞானதுரைக்குக் குரல் தழுதழுத்தது. "கவனிச்சீங்களா? முப்பது வருஷத்துல ஒரு காற்புள்ளி பிசகல! நடைன்னா இதுதாங்க நடை!" ஆண்கள் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்து நரைத்த தலையோடு ஒரு பெண் எழுந்து போய், குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். கூட்டம் முடிகிற வரை கழுவிக்கொண்டேயிருந்தார். மீன்காரத் தெரேசக்கா என் காதில், "ஒரே தூண்டிலு, ஒரே இரை. மீனுதான் வேற வேற" என்றார்.

மாதா திருவிழாவுக்குள் எல்லாக் கடிதமும் புத்தகமாகும், பெறுநர் பெயர், ஊர், தேதி சகிதம் என்று ஞானதுரை அறிவித்தார். திருவிழாவுக்கு ரெக்ஸனின் தோணி கரைக்கு வரும். அவருடைய அம்மாவும் நாத்தனார்களும் வருவார்கள். அமலி, பெண்கள் விடுதி, இன்ன தேதி, நேரில் வா. வாசித்துவிட்டு, "போனியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்.

இருந்தாலும் அதைத்தான் தின்றுவிட்டேனே என்று தைரியமாக இருந்தேன், வேல்ச்சாமி ஒரு காலையில் முத்திரை குத்திக்கொண்டே பேசுகிற வரைக்கும். "கணக்குப் போட்டுட்டேம்மா. வாரத்துக்கு ஒரு திசையில இருந்து வருது. திருநெல்வேலிப் பக்கத்துத் தபாலு இந்த வாரம் வந்து சேரும். கிழிச்சுப் போட்டதுகூடத் துண்டு துண்டா வருது, பாத்தியா? நேத்து ஒண்ணு எரிச்ச கடிதாசி. கருகின சாம்பலு, காத்தே இல்ல, வரிசையாப் பறந்து வருது. அதுல எங்க குத்த நானு?"

அந்த வாரத்தில் என் தொண்டையில் ஏதோ ஊர்ந்தது. இருமினேன், தண்ணீர் குடித்தேன், வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன். ஏழு வருடத்துக்கு முன் என் உடம்புக்குள் போனது எங்கெங்கோ கலந்து கிடந்து இப்போது தன் துண்டுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டு மேலே வருவதை, விலா எலும்புக்குள் ப்ளக், ப்ளக் என்று நானே கேட்டேன். மூன்றாம் நாள் ஷெரின் பால் கக்கினாள். துடைத்த துணியில் தயிர் போல் திரிந்த பாலுக்கு நடுவே நீல மையில் ஓர் எழுத்து. "ப". அடுத்த தடவை "சி".

நான் பட்ட அருவருப்பை எப்படி எழுதுவேன்? அவர் நாக்கு என் விரலைத் தாண்டி, என் ரத்தத்தைத் தாண்டி, என் பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டது. அன்றிலிருந்து பால் கொடுக்கவில்லை. மார்பு கல்லாகக் கட்டி வலிக்க, புட்டியைத் தட்டிவிட்டு ஷெரின் வீரிட்டழ, அடுப்படித் தரையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன். செலஸ்தி அம்மா நடுக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். "ஏன் பிள்ளைய அழ விடுத?" என்றார்கள். துணியிலிருந்த நீல எழுத்தைப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள்தான்; ஆனால் இந்த ஐம்பது வருடத்தில் புருஷன் எழுதிய ஒன்றையும் வாசித்ததில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "உனக்குமா?" என்றார்கள். பதிலுக்கு நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் விடிகாலையில் அது வந்தது. குளியலறை வாளிக்கு மேல் குனிந்து, கண் பிதுங்க, குடலே புரண்டு வருவது போல் ஓங்கரித்தேன். மடித்த தாள் ஒன்று முழுசாக விழுந்தது. கிழிசலின் தழும்புகள் தெரிந்தன, ஓரத்தில் மதரின் சிவப்பு முதலெழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. வழவழவென்று என் கோழையும் அவர் எச்சிலுமாக அது நிமிர்ந்து, நடுக்கதவைப் பார்த்து நகர்ந்தது. அம்மிக் குழவியைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். அடியில் கிடந்து பகல் முழுக்க ப்ளக், ப்ளக் என்று துடித்தது. ஷெரினுக்குப் பால் கொடுத்தேன். கக்கியதைத் துடைத்துப் பார்த்தேன், வெறும் வெள்ளை.

எரித்தால் சாம்பலாகப் போகும், புதைத்தால் மண்ணைத் துளைத்துப் போகும். எப்படியும் அதன் வழி அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், ஞானதுரையின் மேசைக்கு.

சாயங்காலம் சார் கூப்பிட்டனுப்பினார். இடது கண்ணும் போயிருந்தது. ஆனால் உற்சாகமாக இருந்தார். "ஒரு புது எழுத்து, அமலி. நர்சிங் படிக்கிற பொண்ணு. ஹெப்சின்னு பேரு. மாதப் பத்திரிகையில கதை வந்திருக்கு, ஞானதுரை வாசிச்சுக் காட்டினான். எழுது." கண்ணை மூடிக்கொண்டார், மூட வேண்டிய தேவையே இல்லாதவர். "உன் எழுத்தில் ஒரு பசி இருக்கிறது, மகளே..."

என் பேனா தாளில் நின்றது. இந்த வாக்கியம் இனி என் கையெழுத்தில் போகும். விடுதியில் யாரோ ஒரு மதர் பிரிப்பார்கள். பெண் கையெழுத்தைப் பார்த்ததும் இன்னும் சந்தோஷமாகச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள்.

"என்ன, எழுதலயா?"

"மை இறங்கல, சார். வேற பேனா எடுத்துட்டு வாறேன்."

வீட்டுக்குள் வந்தேன். அம்மிக் குழவியை நகர்த்தினேன். அது துள்ளி ஓடப் பார்த்தது. ஒரு கையால் தரையோடு அழுத்திப் பிடித்து, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் எழுதினேன். ஏழு வருடத்தில் நான் சொந்தமாக எழுதிய முதல் எழுத்து. "ஹெப்சி, இந்தத் தாளின் மறுபக்கத்தைப் படி. எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. நான் போனேன். உள்ளே போனதும் அவர் தாழ்ப்பாள் போட்டார். உன் வார்டன் சீட்டுக் கொடுத்தாலும் நீ போகாதே. உன் பசிக்கு அவர் பெயர் வைக்க வேண்டாம். கதை எழுதியபோதே நீதான் வைத்துவிட்டாயே." கீழே என் முழுப்பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதினேன். புள்ளி வைத்த கணத்தில் தாள் என் உள்ளங்கைக்குக் கீழே அடங்கியது. ஈரம் உலர்ந்தது. எழுதியவரிடம் திரும்புகிற கடிதம்தானே எல்லாம்; இது இப்போது என் கடிதம், என்னிடம்தான் இருந்தது.

அதை மடித்துப் புது உறைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். "எழுதிட்டேன், சார்."

"வாசி."

எனக்கென்ன தாள் பார்க்க வேண்டுமா? காற்புள்ளி பிசகாமல் சொன்னேன். அவர் தலையாட்டினார். உறையை வாங்கினார், நாக்கை நீட்டினார், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நக்கினார். பாதியில் நின்று முகத்தைச் சுளித்தார். "பசைய மாத்திட்டானா? கசக்குதே."

"கடைசி வரைக்கும் ஒட்டுங்க, சார். பிரிஞ்சுறக் கூடாது."

மறுநாள் வேல்ச்சாமியிடம் கொடுத்தபோது தூக்கிப் பார்த்து, காதில் வைத்துப் பார்த்து, "அசையாமக் கிடக்கே! இதுதாம்மா தபாலு" என்று சந்தோஷப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது, முறையாக, ஆபீஸ் வழியாக. முகவரியில் சாரின் பெயருக்குக் கீழே, அமலி அக்கா பார்வைக்கு என்றிருந்தது. சார் சாய்ந்து உட்கார்ந்து, "சத்தமா வாசி" என்றார். செலஸ்தி அம்மா வாசலோரம் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தேன்.

"அக்கா, ரெண்டு பக்கமும் படித்தேன். மேட்ரனிடமும் காட்டினேன். நான் போகவில்லை. என் அறையில் தாழ்ப்பாள் இருக்கிறது. உள்ளேயிருந்து நான்தான் போடுகிறேன்."

சுளகின் சத்தம் நின்றது. சாரின் நாக்கு உலர்ந்த உதட்டுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. "எந்த அக்கா?" என்றார். "யாரு நீ? எந்த வருஷத்துப் பொண்ணு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். ரெக்ஸனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கப்பல் ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறேன். ஞானதுரையின் புத்தகத்திலிருந்து தெரிய வேண்டாம், என் கையெழுத்திலேயே தெரியட்டும். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்தில் செலஸ்தி அம்மா வந்தார்கள். கையில் ஒரு சின்னப் பாட்டில் தேங்காய் எண்ணெய்.

"துருப் பிடிச்சிருக்கும்" என்றார்கள். "சும்மா இழுத்தா வராது."

"அம்மா, அவிய ராத்திரி..."

"வாளி வாங்கி உள்ளறையில வெச்சிட்டேன். இனிமே இந்தப் பக்கம் அவியளுக்கு ஒரு சோலியும் இல்ல." திரும்பிப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், "நாந்தான் போட வேண்டாம்னேன்" என்றார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது. கைத்தடி இல்லை, சுவரைத் தடவி வரும் உள்ளங்கை. வாளி இருக்கிற அறையைத் தாண்டி வந்தாயிற்று. நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்குகிறார். உதட்டைப் பிரிக்கும் சத்தம், ப்ளக் என்று. "அமலி," என்கிறார், "அந்தப் பொண்ணுக்கு நீ என்ன எழுதுன? ஒரு தடவை எனக்கு வாசிச்சுக் காட்டு."

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். ஷெரின் தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள். எண்ணெய் ஊறிய தாழ்ப்பாள் முதலில் அடம்பிடித்தது, பிறகு ஒரே இழுப்பில், உள்ளேயிருந்து, ஓட்டைக்குள் போய் விழுந்தது.